வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்: சம்மதம் என்னும் எதிர்வாதம் குறித்துச் சில குறிப்புகள்

1

தமிழில் யாரும் அடிக்கப்படுவதில்லை. பத்திரிகைத் தமிழை ஒதுக்கிவிட்டுப் பேச்சுத் தமிழுக்கு வாருங்கள். அங்கே ஒருவன் அடி வாங்குகிறான், உதை தின்கிறான், திட்டு வாங்குகிறான். கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தால் 'நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்' என்கிறோம். அதிலும் திருப்தி வராவிட்டால் 'கேட்டு வாங்கிக்கிட்டான்'. கடைக்குப் போய் அரைக் கிலோ சர்க்கரை வாங்கிக்கொண்டு வருகிறவனுக்கு என்ன இலக்கணமோ அதே இலக்கணம்தான் முதுகில் தடி விழுந்தவனுக்கும். வாக்கியத்தின் எழுவாய் அவன். வினையும் அவனுடையது. அடித்தவன் எங்கே? வேண்டுமானால் 'வாத்தியார்கிட்ட', 'போலீஸ்கிட்ட', 'புருஷன்கிட்ட' என்று உருபு சேர்த்து ஓரத்தில் நிறுத்தி வைக்கலாம், கடைக்காரனைப் போல.

தமிழ் எம்.ஏ.வில் தன்வினை, பிறவினை, செய்வினை, செயப்பாட்டுவினை என்று பாடம் நடக்கிறது. 'அடி வாங்கினான்' இதில் எந்த வகை என்று எந்த வகுப்பிலும் பேச்சு வருவதில்லை. வடிவத்தில் செய்வினை, பொருளில் செயப்பாட்டுவினை. வடிவத்துக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியில்தான் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது என்பது என் வாதம். இது மொழியின் விளையாட்டு மட்டுமல்ல. சட்டத்திலும் இதே வினைச்சொல் வேறு பெயரில் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் சம்மதம்.

ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபில் 'டார்ட்' என்று ஒரு பிரிவு. நம் சட்டக் கல்லூரிகளில் தீங்கியல் சட்டம் என்கிறார்கள். ஒருவர் இன்னொருவருக்கு இழைக்கும் தீங்குக்கு, சிறைத் தண்டனை அல்ல, நஷ்டஈடு கேட்கும் சட்டம். அதில் வேண்டுமென்றே ஒரு ஆளின் மேல் இழைக்கப்படும் தீங்குகள் சில. கை ஓங்குவது ஒன்று. அடி விழாவிட்டாலும், விழப்போகிறது என்ற அச்சம் போதும். கை வைப்பது இரண்டாவது; காயம் வேண்டாம், விருப்பமில்லாத தொடுதலே போதும். அடைத்து வைப்பது மூன்றாவது. மனத்தை நோகடிக்கவென்றே செய்யும் கொடுஞ்செயல் நான்காவது. கையை ஓங்கினான், கையை வைத்தான் என்று தமிழ் பிரித்துச் சொல்வதைத்தான் ஆங்கிலேய நீதிபதிகளும் நூற்றாண்டுக் கணக்கில் பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறார்கள்.

இந்தத் தீங்குகளின் பட்டியல் சிறியது. அதற்கு எதிரே பிரதிவாதி சொல்லக்கூடிய எதிர்வாதங்களின் பட்டியல் பெரியது: அவர் சம்மதித்தார், என்னைக் காத்துக்கொண்டேன், பிறரைக் காத்தேன், சொத்தைக் காத்தேன், கண்டித்துத் திருத்தும் உரிமை எனக்கு உண்டு, சட்டம் எனக்கு அதிகாரம் தந்தது, வேறு வழியில்லை. ஒரு சமூகத்தை அறிய அதன் குற்றப் பட்டியலைப் படிப்பதைவிட அதன் எதிர்வாதப் பட்டியலைப் படிப்பது நல்லது. எது தவறு என்பதில் எல்லாச் சமூகங்களும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். யார் செய்தால் தவறில்லை என்பதில்தான் சாதி, வர்க்கம், ஆண் என்று எல்லாம் வெளியே வரும்.

அந்தப் பட்டியலில் முதலாவதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மற்ற எதிர்வாதங்கள் 'அடித்தேன், ஆனால் காரணம் உண்டு' என்கின்றன. சம்மதம் மட்டும் 'தீங்கே நடக்கவில்லை' என்கிறது. அவன் வாங்கினான், அவ்வளவுதான்.

இந்தியாவில் இந்தச் சட்டம் பெரும்பாலும் எழுதப்படாத சட்டம். குற்றங்களுக்கு 1860இலேயே தண்டனைச் சட்டம் வந்துவிட்டது. தீங்குகளுக்கு 1886இல் ஃபிரெடெரிக் போலக் ஒரு வரைவு எழுதிக் கொடுத்தார். அது சட்டமாகவே இல்லை. நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடவேண்டுமானால் கேட்கிற தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்டியாக வேண்டும். அடி வாங்கினவன் அதற்கும் பணம் கட்டி வாங்க வேண்டும். ஆகவே நம்மூரில் இது பெரும்பாலும் போலீஸ் வழக்காகவோ பஞ்சாயத்தாகவோதான் முடிகிறது. குற்றம் வேறு, தீங்கு வேறு என்று சட்டம் படித்த நண்பர்கள் கோபித்துக்கொள்ளலாம். சம்மதம் என்ற வாதம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் நடமாடுகிறது என்பதால் நானும் இரண்டு பக்கமும் போய் வருகிறேன்.

2

1891இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு உலகெங்கும் சட்ட மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. அயர்லாந்திலிருந்து பாஸ்டனுக்கு ஒரு கப்பல். கீழ்த்தட்டில் ஏழைப் பயணிகள். பாஸ்டன் துறைமுகத்தில் அம்மைத் தடுப்பூசி போட்டதற்கான சீட்டு இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைப்பார்கள். கப்பல் மருத்துவர் சுமார் 200 பெண்களை வரிசையில் நிறுத்தி ஊசி போடுகிறார். ஒரு பெண் முறை வந்ததும், தனக்கு ஏற்கெனவே போட்டாகிவிட்டது, தழும்பு மட்டும் விழவில்லை என்று சொல்கிறாள். தழும்பு இல்லையென்றால் போட்டுத்தான் ஆகவேண்டும் என்கிறார் மருத்துவர். அவள் கையைத் தூக்கிக் காட்டுகிறாள். ஊசி போடப்படுகிறது. பிறகு வழக்குப் போடுகிறாள்: என் விருப்பமில்லாமல் என் உடம்பில் கை வைத்தார்கள்.

நீதிமன்றம் அவள் பக்கம் நிற்கவில்லை. அவள் மனத்துக்குள் என்ன இருந்தது என்பது மருத்துவருக்குத் தெரியாது, அவள் நடத்தையைத்தான் அவர் பார்க்க முடியும், நடத்தை என்ன? கையைத் தூக்கினாள். ஆகவே சம்மதித்தாள்.

இந்தத் தீர்ப்பை ஒரு கவிதையை வாசிப்பதுபோல வாசித்துப் பார்க்கலாம். 'அவள் கையைத் தூக்கினாள்' என்ற ஒரே வாக்கியத்தின் மேல் முழுக் கட்டடமும் நிற்கிறது. எழுவாய் அவள். வினை தன்வினை. 200 பேர் வரிசை, நடுக்கடல், கையில் சீட்டு இல்லாமல் போனால் காத்திருக்கும் தனிமை முகாம், அவள் சொன்ன மறுப்பை ஒரு வரியில் தள்ளிவிட்ட வெள்ளைக்கோட்டு அதிகாரம் எல்லாம் அந்த வாக்கியத்துக்கு வெளியே நிற்கின்றன. நீதிமன்றத்துக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிட்டுத்தான் தூக்கிய கைக்கு வருகிறது. வரிசை 'சூழ்நிலை' ஆகிவிடுகிறது. கை மட்டும் 'செயல்' ஆகிவிடுகிறது.

நம்மிடம் இதற்குப் பழமொழியே இருக்கிறது: மௌனம் சம்மதம். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தலைகுனிந்து நின்றவள், பண்ணையார் வீட்டு முற்றத்தில் துண்டை இடுப்பில் கட்டி நின்றவன் என்று எல்லோரையும் இந்த இரண்டு சொற்களில் அடக்கிவிடலாம். தூக்கிய கை சம்மதம் என்றால் தாழ்ந்த தலையும் சம்மதம்தான்.

வரிசைகள் தீர்ந்துபோய்விடவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் 1976-77ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 82 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. பதிவேடுகளில் அவர்கள் 'ஏற்றுக்கொண்டவர்கள்'. குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையின் கலைச்சொல்லே அதுதான். சம்பளத்தை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டப்பட்ட கடைநிலை ஊழியனும் ஏற்றுக்கொண்டவன்; லாரியில் ஏற்றப்பட்டவனும் ஏற்றுக்கொண்டவன். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்ட முகாம்களில் கருத்தடை செய்துகொண்ட பெண்களில் 13 பேர் இறந்தார்கள். அதில் ஒரு முகாமில் ஒரே மருத்துவர் ஒரே நாளில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். அங்கேயும் படிவம் இருந்திருக்கும், கைநாட்டு இருந்திருக்கும். 2016இல் உச்ச நீதிமன்றம் முகாம் முறையையே 3 ஆண்டுக்குள் ஒழிக்கச் சொன்னது. இது முக்கியமான நகர்வு. ஒவ்வொரு கைநாட்டையும் தனித்தனியாக எடுத்து 'இது உண்மையா' என்று கேட்பதோடு நிற்காமல், கைநாட்டு வாங்கப்படும் இடத்தையே கேள்விக்குள்ளாக்கியது.

3

அடைத்து வைத்தலுக்கு வருவோம். 1911 மே மாதம், இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதி நிலக்கரிச் சுரங்கம் ஒன்று. காலையில் இறங்கிய தொழிலாளி ஒருவருக்கு மாலை 4 மணிக்கு ஷிப்ட் முடியும். கொடுக்கப்பட்ட வேலை ஆபத்தானது என்று சொல்லி அவரும் மற்றும் சிலரும் மறுக்கிறார்கள். எங்களை மேலே ஏற்றிவிடுங்கள் என்கிறார்கள். நிர்வாகம் மறுக்கிறது. ஆளை ஏற்றும் கூண்டு காலியாக வந்து நின்ற பிறகும் சுமார் 20 நிமிஷம் அவர்களை ஏறவிடவில்லை. அவர் வழக்குப் போட்டார். பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றார். இறங்கும்போதே ஷிப்ட் முடிந்துதான் ஏறுவேன் என்ற நிபந்தனையை ஏற்று இறங்கியவர் இவர்; விரும்பி ஏற்றவனுக்குத் தீங்கில்லை என்ற லத்தீன் பழமொழி இவருக்குப் பொருந்தும் என்றது சபை.

லத்தீனில் சொன்னால் நீதி, தமிழில் சொன்னால் அதட்டல்: 'அட்வான்ஸ் வாங்கிட்டுத்தானே வந்தே?' செங்கல் சூளையில், அரிசி ஆலையில், கல்குவாரியில் குடும்பத்தோடு கிடக்கிறவர்களிடம் கேட்கப்படும் கேள்வி இது. மறுபடியும் வாங்கு. ஒரு தடவை வாங்கிய பணம் பிறகு வரும் ஒவ்வொரு பூட்டுக்கும் ஒவ்வொரு அடிக்கும் முன்கூட்டியே கொடுத்த சம்மதமாகிவிடுகிறது. கொங்குப் பகுதியின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்ததை வாசகர்கள் அறிவார்கள். 3 ஆண்டு வேலை, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை, அதுவரை ஆலை விடுதியில் வாசம். வாசலில் காவல். ஊருக்குப் போகவேண்டும் என்று ஒரு பெண் அழுதால், 'அப்பா கையெழுத்துப் போட்டிருக்காரு' என்று பதில். அவளை யாரும் அடைத்து வைக்கவில்லை, அவள் 'தங்கியிருக்கிறாள்'. பெயரைக் கவனியுங்கள்: கதவுக்குப் போட்ட பூட்டுக்குப் பெயர் சுமங்கலி.

இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு முறை இந்தத் தர்க்கத்தை உடைத்திருக்கிறது. 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர் குறித்த வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்ய ஒருவர் ஒத்துக்கொண்டால் அது ஒத்துக்கொண்டதாகாது, பசியும் வறுமையும் பிடரியைப் பிடித்துத் தள்ளுவதும் வற்புறுத்தல்தான், அது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு என்றது. கையில் சாட்டை வைத்திருக்கும் ஆளைக் காட்ட வேண்டியதில்லை. தொழிலாளி நிற்கும் இடமே சாட்சி. டர்ஹாம் சுரங்கத்துக்குள் நுழைய மறுத்த ஒரு வாசிப்பு இங்கே நுழைந்துவிட்டது. ஆனால் அது அந்தத் தீர்ப்போடு நின்றுபோனது. மற்ற இடங்களுக்கு நகரவில்லை.

4

இதுவரை பார்த்தது, தானே கொடுத்ததாகச் சொல்லப்படும் சம்மதம். இன்னொருவர் கொடுக்கும் சம்மதம் இதைவிட மோசம்.

'கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க வாத்தியாரே' என்று பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுப் போன அப்பாக்களின் ஊர் இது. இதைவிடத் துல்லியமான ஒரு சம்மதப் பத்திரத்தை எந்த வக்கீலாலும் எழுத முடியாது. எதற்கு அனுமதி, எதற்கு இல்லை, யாருக்கு அனுமதி எல்லாம் உண்டு. இல்லாதது ஒன்றுதான்: தோலுக்குச் சொந்தக்காரன். அவன் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, 12 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அதன் நன்மை கருதி நல்லெண்ணத்தோடு பாதுகாவலரோ அவர் சம்மதத்தின் பேரில் பிறரோ செய்வது குற்றமல்ல என்றது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. தமிழ்நாட்டில் பள்ளிகளில் உடல் தண்டனையை அனுமதித்த விதி 2003இல் நீக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் அடியையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. விதி போய்விட்டது. 'அடியாத மாடு படியாது' போகவில்லை. மாட்டைப் பற்றிய ஒரு வாக்கியம் எப்படி வகுப்பறைக் கோட்பாடானது என்று யோசிக்க வேண்டும். எந்தத் தெருப் பையன்கள் மீது அது அதிகமாகப் பிரயோகிக்கப்பட்டது என்றும் யோசிக்க வேண்டும்.

அடுத்தவர் கையெழுத்து வயது வந்தவர்களுக்கும் வரும். டெல்லியில் ஒரு 44 வயதுப் பெண் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டுப் படுத்திருந்தபோது, வெளியே உட்கார்ந்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 2008இல் உச்ச நீதிமன்றம், தாயாரின் சம்மதம் செல்லாது, பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அறுவைக்குத் தந்ததாகாது, இது உடம்பின் மேல் நடந்த அத்துமீறல் என்று தீர்த்தது. நல்ல தீர்ப்பு. கிடைத்த நஷ்டஈடு 25,000 ரூபாய்.

அதற்கடுத்த இடம் படுக்கையறை. 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய நீதிபதி மேத்யூ ஹேல் எழுதிவைத்து, அவர் இறந்து பல ஆண்டு கழித்து 1736இல் அச்சான நூல் ஒன்று, திருமணத்தின்போது மனைவி தந்த சம்மதம் திரும்பப் பெற முடியாதது என்றது. இங்கிலாந்து 1991இல் இதைத் தூக்கி எறிந்தது. இந்தியாவில் 2017இல் மனைவியின் வயது வரம்பு 15இலிருந்து 18 ஆக உயர்த்தி வாசிக்கப்பட்டது. 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்த்தார்கள். 2023இல் எழுதப்பட்ட புதிய சட்டம் அந்த விதிவிலக்கை அப்படியே எடுத்துக்கொண்டது. 'கட்டிக்கிட்டவ' என்று தமிழில் மனைவியைச் சொல்கிறோம். 'வாங்கிக் கட்டிக்கிட்டவ'ளுக்கும் அவளுக்கும் இடையில் ஒரு சொல்தான் தூரம். ஒரு நாள் தலைகுனிந்ததற்கு ஆயுள் முழுக்கக் கை தூக்கியதாகக் கணக்கு.

5

இப்போது இந்தக் கட்டுரையின் மையமான இடத்துக்கு வருகிறேன். மேலே பார்த்த இடங்களில் எல்லாம் 'சரி' என்ற சொல்லை நம்பிய சட்டம், ஒரே ஒரு இடத்தில் 150 ஆண்டுகளாக அதை நம்ப மறுத்திருக்கிறது. அந்த இடம் காவல் நிலையம்.

1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவு: காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது. அடித்துத்தான் வாங்கினார்கள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அன்பாகப் பேசி வாங்கியிருந்தாலும் செல்லாது. யாரிடம் சொன்னான் என்பதே போதும். எழுதியவர்கள் காலனிய எஜமானர்கள். தங்கள் போலீசைப் பற்றி அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. 2023இல் வந்த புதிய சாட்சியச் சட்டமும் இதைக் கைவிடவில்லை.

தமிழில் 'ஒத்துக்கொள்' என்பது இரண்டுக்கும் ஒரே சொல். குற்றத்தை ஒத்துக்கிட்டான், கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டா, கூலிக்கு ஒத்துக்கிட்டான், ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டா. 1983இல் ஆந்திரத்தின் குண்டூரில் காவல் நிலையத்தில் அடைபட்டுக் கிடந்த கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் அந்த அனுபவத்தை 'லாக்கப்' என்ற நாவலாக எழுதினார். 2016இல் திரைக்கு வந்த 'விசாரணை'க்கு அது மூலம். அடியின் பக்கங்களைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, அந்தப் பிரதி முழுக்க அதிகாரம் உடம்பிடம் கேட்பது வலியை அல்ல என்பது. செய்யாத திருட்டை ஒத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறது. ஃபூக்கோவின் அன்பர்கள் உடம்பின் மேல் எழுதப்படும் அதிகாரம் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எழுதி முடித்ததும் கீழே உடம்பிடமே கையெழுத்தும் வாங்கிக்கொள்கிற அதிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் குறைவாகத்தான் பேசியிருக்கிறோம்.

25ஆம் பிரிவு ஒப்புதல் வாக்குமூலத்தை மட்டும் சந்தேகித்தது. அதே காவல் நிலையத்தில் ஒரு பெண்ணின் உடம்பை? 1972இல் மகாராஷ்டிரத்தில் ஒரு ஆதிவாசிச் சிறுமி காவல் நிலையத்துக்குள் இரண்டு போலீஸ்காரர்களால் வன்முறைக்கு ஆளான மதுரா வழக்கு. 1978இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உடம்பில் காயம் இல்லை, கூச்சல் இல்லை, ஆகவே எதிர்ப்பு இல்லை, ஆகவே சம்மதம். கப்பலில் தூக்கிய கை 87 ஆண்டு கழித்து இங்கே வந்து நிற்கிறது. 1979இல் உபேந்திர பக்ஷி, லொதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். அதன் சாரம்: சம்மதித்தவர் பணிவார், ஆனால் பணிந்தவரெல்லாம் சம்மதித்தவர் ஆகமாட்டார். பெண்கள் இயக்கங்கள் தெருவுக்கு வந்தன. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் வைத்து உறவு நடந்தது நிரூபணமாகி, 'நான் சம்மதிக்கவில்லை' என்று பெண் சாட்சி சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். 2013 திருத்தம் ஆசிரியர், பாதுகாவலர், பெண்ணின் மேல் ஆதிக்கம் செலுத்தும் நிலையில் இருப்பவர் என்று அந்த வளையத்தை விரித்தது. கணவன் மட்டும் வளையத்துக்கு வெளியே.

ஆக, சட்டத்துக்கு விஷயம் தெரியும். சொல்லப்பட்ட 'சரி'யை, சொல்லப்பட்ட இடத்தோடு சேர்த்து வாசிக்க அதற்குத் தெரியும். வாக்குமூலத்தில் வாசித்தது, 1982இல் கூலியில் வாசித்தது, 1983இல் காவலில் வாசித்தது. வரிசையில், விடுதி வாசலில், வகுப்பறையில், படுக்கையறையில் வாசிக்க மறுக்கிறது என்றால் அது அறியாமை அல்ல, தேர்வு. காவல் நிலையத்தை மட்டும் காவல் நிலையம் என்று ஒத்துக்கொள்வதன் மூலம் மற்ற எல்லா இடங்களையும் வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஆலை என்று காப்பாற்றிக்கொள்கிறது.

6

ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதைத் தாண்டிப் போக முடியாது. 'ஏழை சொன்ன சரியை நம்பாதே, பெண் சொன்ன சரியை நம்பாதே என்கிறாய். அப்படியானால் அவர்களை வாழ்நாள் முழுக்க மைனர்களாக்குகிறாய். அவர்கள் சார்பில் யோசிக்க அப்பா வருவார், அரசு வரும், நீயும் வருவாய்.'

சரியான கேள்வி. தமிழ்நாட்டில் இதற்கு ரத்த சாட்சியமே இருக்கிறது. சாதி மீறிக் காதலித்த பெண், வயது வந்தவள், காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் நின்று 'என் இஷ்டப்படிதான் போனேன்' என்று வாய்விட்டுச் சொல்கிறாள். யாரும் நம்புவதில்லை. 'மனசைக் கெடுத்துட்டான்', 'மயக்கிட்டான்'. இதற்கு ஒரு கோட்பாட்டுப் பெயரே சூட்டினார்கள்: நாடகக் காதல். அதாவது அவள் சொன்ன சம்மதம் ஒரு நாடக வசனம். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் தலித் குடியிருப்புகள் மூன்று கொளுத்தப்பட்டது ஒரு பெண்ணின் 'சரி'யை நம்ப மறுத்ததன் விளைவு. கேரளத்தில் வயது வந்த ஒரு பெண்ணின் மதமாற்றத்தையும் திருமணத்தையும் நம்ப மறுத்து 2017இல் உயர் நீதிமன்றம் திருமணத்தையே ரத்து செய்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. வாயே திறக்காமல் தலைகுனிந்தவளின் சம்மதத்தை இந்தச் சமூகம் உடனே நம்புகிறது. வாய் திறந்து சொன்னவளின் சம்மதத்தை நம்ப மறுக்கிறது. தன் இடத்துக்குள்ளேயே ஒருவரை நிறுத்தி வைக்கும் சரி என்றால் மௌனமே போதும். அந்த இடத்தை விட்டு வெளியேறும் சரி என்றால் பத்திரம் எழுதிக் கொடுத்தாலும் போதாது.

ஆகவே நான் கேட்பது ஏழையின் சரியைச் சந்தேகி என்பதல்ல. சம்மதத்தைக் காட்டிப் பயனடைகிறவர் யார், அவர் அந்த இடத்தின் மேல் அதிகாரம் உள்ளவரா என்பதை முதலில் கேள் என்கிறேன். அதிகாரம் உள்ளவர் 'அவளே ஒத்துக்கிட்டா' என்றால் நிரூபிக்கும் சுமை அவருக்கு. பேசுகிறவள் அந்த அதிகாரத்துக்கு எதிராக நின்று 'ஒத்துக்கிட்டேன்' என்றால் அவள் சொல்லே போதும். இதில் யாரும் மைனர் ஆகவில்லை.

7

இது நீதிபதிகளுக்கு எழுதிய கட்டுரை அல்ல. சட்டம் மாறும் வரை நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

பிடிபட்ட ரவுடி பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்தான் என்ற செய்தி வரும்போது, மாவுக்கட்டோடு கும்பிடும் படத்தைப் பார்த்துத் தமிழ்நாடே சிரிக்கிறது. 'வழுக்கி விழுந்தான்' தன்வினை. பொய் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தே ரசிக்கிறோம். நம் கூட்டங்களுக்கு வருகிற நண்பர்களே சிலர் 'வேணும் அவனுக்கு' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். 1987இல் ஒரிசாவில் காவலில் இருந்த 22 வயது இளைஞனின் உடல் ரயில் பாதையில் கிடந்தபோது, தப்பி ஓடி ரயிலில் அடிபட்டான் என்றது போலீஸ். அவன் தாயார் எழுதிய கடிதத்தை மனுவாக ஏற்று, அந்தக் கதையை நிராகரித்து, 1993இல் உச்ச நீதிமன்றம் 1,50,000 ரூபாய் நஷ்டஈடு தரச் சொன்னது. அடிப்படை உரிமை மீறலில் அரசுக்கு விலக்குரிமை கிடையாது என்றது. வாச்சாத்தியில் 1992இல் நடந்ததற்கு 2011இல் தீர்ப்பு வந்து, 2023இல்தான் உயர் நீதிமன்றத்தில் உறுதியானது. 'அடிபட்டான்' என்பதை 'அடித்தார்கள்' என்று மாற்றி எழுத இந்த நாட்டில் 6 ஆண்டும் ஆகும், 31 ஆண்டும் ஆகும்.

அந்த மாற்றத்தை நம் எழுத்தில் இன்றைக்கே செய்யலாம். உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகள் எழுதுகிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'தடியடி நடத்தப்பட்டது', 'மக்கள் தாக்கப்பட்டனர்', 'கையெழுத்து பெறப்பட்டது' என்று எழுதுகிறோம். எழுவாய் எங்கே? பெயர் தெரியாவிட்டால் பதவி எழுதுவோம், பதவி தெரியாவிட்டால் சட்டையின் நிறம் எழுதுவோம். கையெழுத்து இருந்தது என்று ஆலைக்காரர் காட்டினால், கையெழுத்தைப் பற்றி ஒரு வரியும் அது வாங்கப்பட்ட அறையைப் பற்றிப் பத்து வரியும் எழுதுவோம்: கதவு எந்தப் பக்கம் பூட்டியிருந்தது, சாவி யாரிடம், படித்துக் காட்டினார்களா, மறுத்திருந்தால் அன்று ராத்திரி சோறு இருந்ததா, ஊருக்குப் போகப் பஸ் இருந்ததா, இதற்குமுன் மறுத்தவர் யாராவது உண்டா, அவருக்கு என்ன ஆயிற்று.

கதை எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். 'அவள் ஒன்றும் பேசவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிற கதைகள் நம் பத்திரிகைகளில் ஏராளம். அந்த மௌனத்தைச் சம்மதமாகவோ தியாகமாகவோ வாசகன் நிரப்பிக்கொள்கிறான்.

1983இல் காவலுக்கு வந்த அனுமானம் விடுதிக்கும் முகாமுக்கும் வகுப்பறைக்கும் படுக்கையறைக்கும் வரவேண்டும் என்பது என் நிலைப்பாடு. வந்தால் அப்பாவிகள் மாட்டிக்கொள்வார்கள், குடும்பம் உடையும், ஆலை மூடும் என்ற வாதங்கள் வரும். அவற்றில் சில யோசிக்க வேண்டியவையாகவும் இருக்கலாம். வழக்கறிஞர் நண்பர்களும் ஆசிரியத் தோழர்களும் மறுத்து எழுதினால் பேசலாம். எழுதும்போது யார் யாரிடம் என்ன வாங்கினார்கள் என்பதை மட்டும் எழுவாயோடு எழுதுங்கள்.